சூடானால் சோரும் லிஃப்ட்

எங்கள் பழைய டிராக்டர் காலையில் கல்டிவேட்டரை நன்றாகத் தூக்குகிறது. வண்டி சூடானதும் லிஃப்ட் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பம்பை மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், மணப்பாறை

அவசரப்படாதீர்கள். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடம் வழியே கசிகிறது. முதலில் ஹைட்ராலிக் ஆயிலின் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது; முழுவதும் வடித்து, ஃபில்டரைச் சுத்தம் செய்து, கையேட்டில் உள்ள கிரேடையே நிரப்புங்கள்.

பிறகும் அப்படியேவா? சூடாக இருக்கும்போதே, ஏறுமட்டும் தூக்கிவிட்டு என்ஜினை அணையுங்கள். மளமளவென்று இறங்கினால் பெரும்பாலும் சிலிண்டர் பிஸ்டனின் சீல், ஓ-ரிங்தான் போயிருக்கும். பம்பு விலையோடு பார்த்தால் அது சொற்பம். இறங்காமல் நின்றால் பம்பைக் கழற்றச் சொல்லுங்கள். தூக்கிய கல்டிவேட்டருக்குக் கட்டை முட்டுக் கொடுக்காமல் அடியில் கையை நீட்டவே நீட்டாதீர்கள்.