வயிறு ஊதுகின்றது, உடல் பருக்கின்றது: கோதுமை காரணமாகுமா?

எமது மாதர் சிக்கனக் குழுவில் இருந்த விதவைத் தாயொருவரின் வயிறு சில மாதங்களாக ஊதிக்கொண்டே வந்தது. உடலும் பருத்தது. ஊர்வாய்க்கு வேறென்ன வேண்டும்? கிணற்றடியில் தொடங்கிய கதை கோவில் வாசல் வரை வந்தது. நாமும் எமது பங்கிற்கு ஒரு தவறு செய்தோம். “சோற்றைக் குறையுங்கள் அம்மா, இரவில் றொட்டி சாப்பிடுங்கள்” என்று புத்தி சொன்னோம். அவரும் அப்படியே செய்தார். வயிறு மேலும் ஊதியது. இரத்தச்சோகைக்கென ஒரு வருடமாக இரும்புச்சத்துக் குளிசைகள் விழுங்கியும் பயனில்லை என்பதைக் கவனித்த வைத்தியர் ஒருவரே முதலில் சந்தேகப்பட்டார். தாயாருக்கு இருந்தது சீலியாக் நோய்.

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. றொட்டிக்குப் பிசைந்த மா இழுபடுவது இதனாலேயே. பரம்பரையாக இந்நோய்க்கு ஏதுவான சிலரின் உடல், குளூட்டனைக் கண்டதும் தன் சிறுகுடற் சுவரையே தாக்கத் தொடங்குகின்றது. உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய முளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்டது உடலில் சேராது.

லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ 1888 இல் இந்நோயைத் தெளிவாக விபரித்தார். உணவே மருந்து என்றும் கூறினார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. போருக்கு முன்னரே அவர் கோதுமையைச் சந்தேகித்திருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டைப் பஞ்சம் வாட்டியது, பாண் இல்லை. ஊரெல்லாம் மெலிய, இந்நோயுற்ற பிள்ளைகள் மட்டும் தேறினர். பாண் திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950 இல் தமது ஆய்வேட்டில் அவர் இதை நிறுவினார்.

“சாப்பாடு உடலில் சேராவிட்டால் மெலியத்தானே வேண்டும், பருப்பது எப்படி?” என வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெலிவதே பழைய பாடம். ஆனால் இந்நோய் கண்டறியப்படும் வளர்ந்தோரில் பருத்தவர்களும் உள்ளனர் என்பது இன்று தெளிவு. செரிக்காத உணவு குடலில் நொதித்து வாயு உண்டாகி வயிறு ஊதுவதைப் பலர் கொழுப்பென எண்ணுகின்றனர். நோய் கடுமையாகிப் புரதம் குறைந்தால் உடலில் நீர் கோர்த்து நிறை கூடும். இந்நோயுடன் தைரொயிட் சுரப்பிக் குறைபாடு சேர்ந்து வருவதும் உண்டு. அதுவும் உடலைப் பருக்க வைக்கும்.

ஆயினும் ஊதிய வயிறெல்லாம் சீலியாக் அல்ல. பால் செரியாமை, மலச்சிக்கல், ஈரல் நோய் எனக் காரணங்கள் பல. பெண்களில் வாரக்கணக்காக நீடிக்கும் வீக்கம் சூலகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; அதைக் காலம் தாழ்த்தலாகாது. இந்தியாவில் 2016 இல் வெளியான ஆய்வொன்றின்படி, சீலியாக் நோய்க்கான இரத்தத் தடயம் வடக்கில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேரளவிலும், சோறுண்ணும் தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவரளவிலும் காணப்பட்டது. பரம்பரை ஏதுநிலையில் பெரிய வேறுபாடில்லை. உண்ணும் கோதுமையின் அளவே வேறு. நாமோ ஒரு மணி கோதுமையும் விளைவிக்காமல், காலையில் பாணும் இரவில் றொட்டியும் உண்ணப் பழகிவிட்டோம். மலையகத்தில் றொட்டி இல்லாத நாளே இல்லை.

சந்தேகம் வந்தவுடன் பாணை நிறுத்திவிடுவதே பலர் செய்யும் பிழை. நிறுத்தினால் இரத்தப் பரிசோதனை நோயை மறைத்துவிடும். எமது தாயாரும் கேள்விப்பட்ட அன்றே நிறுத்திவிட்டார். வைத்தியர் அவரை மீண்டும் ஆறு வாரம் கோதுமை உண்ண வைத்தே சோதிக்க நேர்ந்தது. அந்த ஆறு வாரமும் அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. இரத்தத்தில் தடயம் கிடைத்தால், குழாய்வழி சிறுகுடற் சதைத்துணுக்கு எடுத்து உறுதிசெய்வர்.

மருந்து இல்லை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே வழி. சோறு, குரக்கன், சாமை, தினை, சோளம், மரவள்ளி, ஒடியல், உளுந்து எல்லாம் உண்ணலாம். ஆனால் இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா கலப்பது எம்மவர் வழக்கம். ரவை, சேமியா, மோல்ற் பானங்கள், சோயா சோஸ், கடைப் பெருங்காயம் ஆகியவற்றிலும் அது ஒளிந்திருக்கும். கோதுமை அரைத்த ஆலையில் குரக்கனை அரைப்பித்தாலும் தூள் கலந்துவிடும். எமது தாயார் இப்போது வீட்டுத் திரிகையிலேயே அரைக்கிறார்.

ஒருநாள் அவர் நற்கருணை வரிசையில் வராமல் பின்வாங்கிலில் அமர்ந்திருந்தார். அப்பமும் கோதுமைதானே! காரணம் கேட்காமலே ஊர் மறுபடியும் கதை கட்டியது. குளூட்டன் அறவே அற்ற அப்பம் திருப்பலிக்குச் செல்லாது. மிகக் குறைந்த அளவு உள்ளது செல்லும். பொதுநிலையினர் இரசத்தை மட்டும் பெறலாம் என 2003 இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது. 2017 இலும் திருவழிபாட்டுப் பேராயம் இதை நினைவூட்டியது. ஆனால் குருவானவரின் பாத்திரத்தில் அப்பத் துண்டொன்று இடப்படுகிறது என்பதைப் பங்குக் குருமார் மறக்கலாகாது. எமது கோவிலில் இரசத்துக்கெனச் சிறு கிண்ணமொன்றை வேறாக வைத்துள்ளோம். அவர் வரிசையில் முதலாவதாக வருகிறார்.