தத்தும் ஏற்பும்: எண்கள் எதை எண்ணுகின்றன?

மூன்றாம் ஆண்டுப் புள்ளியியல் பாடத்தில் விரிவுரையாளர் எங்களுக்கு ஒரு தலைப்பு கொடுத்தார்: 'அடோப்ஷன்' போக்குகளை ஆராய்க. அவர் மனத்தில் இருந்தது கைப்பேசி, இணைய வங்கி போன்ற புதிய தொழில்நுட்பங்களை மக்கள் ஏற்றுக்கொள்ளும் வேகம். நூலகக் கணினியில் அந்தச் சொல்லைத் தட்டினால் வந்து விழுந்தவற்றில் பாதி, பிள்ளைகளைத் தத்தெடுப்பது பற்றியவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த நமக்கு ஒன்று தத்து, மற்றொன்று ஏற்பு, குழப்பமே இல்லை. வேண்டாதவற்றை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். என் பாட்டி எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை என்பதால் இரண்டையும் படித்தேன்.

முதலில் தொழில்நுட்பம். இத்துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டும் பெயர் எவரெட் ரோஜர்ஸ். 1962இல் வெளிவந்த அவருடைய நூல், புதியதொன்றை ஏற்பவர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. துணிந்து முதலில் இறங்குவோர் 2.5 விழுக்காடு, அவர்களைப் பார்த்து விரைவில் தொடர்வோர் 13.5; பெரும்பான்மையினரில் முந்தியவர் 34, பிந்தியவர் 34; கடைசியாக வருவோர் 16. ஆண்டு வாரியாகக் கூட்டி வரைந்தால் 'எஸ்' எழுத்தைப் போன்ற வளைவு கிடைக்கும். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

இந்த ஆராய்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது ஒரு மக்காச்சோள ஆய்வு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 259 விவசாயிகள் கலப்பின விதைக்கு மாறிய விதத்தை ரயன், கிராஸ் எனும் இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். 1928 முதல் 1941 வரையிலான காலத்தில் இருவரைத் தவிர அனைவரும் மாறிவிட்டனர். விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதற்கும் ஏற்றுக்கொண்டதற்கும் இடையே சராசரியாக ஒன்பது ஆண்டுகள். ஏற்றவர்களும் நிலம் முழுவதும் உடனே விதைத்துவிடவில்லை. ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டிக்கொண்டே போனார்கள். கணக்கிலோ, முதல் பிடி விதை விழுந்த ஆண்டே 'ஏற்ற ஆண்டு'.

இதை நம் பக்கம் திருப்பிப் பார்ப்போம். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் 1985இல் வந்தது. கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. இன்றைய திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகை தயாராகவே இருக்கிறது. 'வசதி உள்ளவர்' என்று எண்ணினால் நம்மில் ஏறக்குறைய அனைவரும் கணக்கில் வந்துவிடுவோம். ஆனால், நம் கழகத்தின் புலனக் குழுவில் ஒரு வாரச் செய்திகளைப் புரட்டிப் பார்த்தேன். பிறந்தநாள் வாழ்த்து ஒன்றிரண்டு தமிழ் எழுத்தில். மற்றவை பெரும்பாலும் 'ரோமன்' எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். இதை எழுதும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளின் கணக்கு இன்னும் சிக்கலானது. தீபகற்ப மலேசியாவில் இரண்டு சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இரண்டுமே 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சட்டம் 257 நீதிமன்றத்தின் வழி. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். நீதிமன்ற ஆணை கிடைத்தால், அப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையைப் போலவே சொத்துரிமையும் உண்டு. சட்டம் 253 தேசியப் பதிவு இலாகாவின் வழி. இதை எல்லா இனத்தவரும் பயன்படுத்தலாம். ஆனால், பிள்ளை குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். இவ்வழியில் சொத்துரிமை தானாக வந்துவிடாது.

புள்ளியியல் படிப்பவர்கள் அந்த 'இரண்டு ஆண்டுகள்' என்பதைக் கவனிக்க வேண்டும். 2023இல் வீட்டுக்கு வந்த குழந்தை இவ்வழியில் 2025க்கு முன்னால் கணக்கில் ஏறவே முடியாது. பள்ளியில் சேர்க்கும்போதோ 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதோ விழித்துக்கொள்ளும் குடும்பம் இன்னும் தாமதமாகத்தான் வரும். ஆக, ஓர் ஆண்டின் எண் கூடினால் அவ்வாண்டு தத்து கூடியது என்று சொல்லிவிட முடியாது. அவ்வாண்டு தாள் கூடியது என்று மட்டுமே சொல்லலாம்.

குறைவதும் அப்படித்தான். அமெரிக்கர்கள் வெளிநாடுகளிலிருந்து தத்தெடுத்த பிள்ளைகள் 2004இல் சுமார் 23,000 பேர். 2023இல் 1,300க்கும் குறைவு. வரைபடத்தைப் பார்த்தால், பிள்ளை வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் ரஷ்யா 2012இல் சட்டம் இயற்றி அமெரிக்கர்களுக்குக் கதவை மூடியது. சீனா 2024இல் வெளிநாட்டுத் தத்தையே ஏறக்குறைய முழுமையாக நிறுத்தியது. கொரியப் போருக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிய தென்கொரியாவில், அந்தத் தாள்களில் பொய்யும் புரட்டும் இருந்ததை 2025 மார்ச்சில் அந்நாட்டின் உண்மை ஆணையமே ஒப்புக்கொண்டது. தாளில் பெற்றோர் அற்றவர் என்று எழுதப்பட்ட சிலருக்குப் பெற்றோர் இருந்தனர். கணக்கில் ஏறியதாலேயே ஒரு தத்து நேர்மையானதாகிவிடாது என்பதை இங்கே கற்றேன்.

இனி என் பாட்டி. மலாயாவில் வறுமையாலும், ஆண் பிள்ளை ஆசையாலும், ஜாதகம் சரியில்லை என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளை மற்ற இனத்தவரிடம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஜப்பானியர் காலத்துக்குப் பிந்திய பஞ்சத்தில் அப்படிக் கைமாறிய குழந்தைதான் அவர். பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் அவரை வளர்த்தது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார். ரசம் வைத்தால் தெருவே மணக்கும். தமிழ் தவிர வேறு மொழி சரளமாக வராது. அவரை எந்த நீதிமன்றத்துக்கும் யாரும் அழைத்துப் போகவில்லை. பிறப்புப் பத்திரமும் எடுக்கவில்லை. பிழைப்பே பெரும்பாடாக இருந்தபோது அது யாருக்கும் தோன்றவில்லை. விளைவு, சிவப்பு அடையாள அட்டை. ஒவ்வொரு பொதுத் தேர்தலன்றும் தாத்தாவுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து வாசல்வரை அனுப்பிவிட்டு, தாம் வீட்டிலேயே இருந்துவிடுவார். குடியுரிமைக்கு அவர் கொடுத்த விண்ணப்பங்களின் நகல்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்.

பெற்றோர் யாரென்றே தெரியாமல், மலேசியத் தம்பதியரால் முறையாகத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் வழக்கில் 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் குடியுரிமை வழங்கியது. ஏழு நீதிபதிகளில் மூவர் ஏற்கவில்லை என்பதிலிருந்தே, தத்து ஆணை ஒன்று மட்டும் குடியுரிமை ஆகிவிடாது என்று புரிந்துகொள்ளலாம். முறையான தாள் இருந்தவர்களுக்கே இந்த நிலை.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா வாங்கித் தந்த கைப்பேசியில் பச்சை நிறத்தைப் பார்த்துப் புலனத்தைத் திறப்பார். ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசி அனுப்புவார். ரோஜர்ஸின் பட்டியலில் அவர் கடைசி 16 விழுக்காட்டில் இருப்பார். ஆனால், எங்கள் குடும்பக் குழுவில் நாள் தவறாமல், கலப்பில்லாத தமிழில் செய்தி அனுப்புபவர் அவர் ஒருவர்தான்.

2020 ஜூலையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இணையத்திலேயே நிரப்பலாம் என்று வந்தபோது, எங்கள் வீட்டுக்கு அந்த வேலை என்னிடம் வந்தது. பாட்டியின் பெயர், வயது எல்லாம் போட்டேன். குடியுரிமையில் 'இல்லை'. இனம் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அடுப்படியில் இருந்தவரிடம் கேட்டேன்.

"என்னா கேள்வி இது? நம்ம ஆளுங்கன்னு போடு."

இந்தியர் என்று அழுத்தி அனுப்பினேன்.