சிவப்பு மருந்து ஏறும்போது இதயத்தையும் பாருங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் 'சிவப்பு மருந்து' டாக்ஸோரூபிசின். ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்படாதீர்கள். அது மருந்தின் நிறம். ஆனால் இந்த மருந்து சிலருக்கு இதயத் தசையைத் தளர்த்திவிடும்.

எனவே முதல் ஊசிக்கு முன்பே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய இன்னொரு மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப் போடுபவர்களுக்கு வழக்கமாக 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ உண்டு. ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்.' (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு) 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி என்று ஆஸ்பத்திரி மாறுபவர்கள், பழைய எக்கோ, ஒவ்வொரு முறையும் ஏறிய மில்லிகிராம் கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். டாக்ஸோரூபிசினுக்கு வாழ்நாள் உச்ச அளவு உண்டு. புது டாக்டர் முதலில் தேடுவது இதுவரை ஏறிய அந்தக் கணக்கைத்தான்.

'கீமோ நடக்குதே' என்று பிரஷர், சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லேகியம், கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே சாப்பிடுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கணுக்கால் வீங்குகிறதா, இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடிவிட்டதா? இவை இதயம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம்; கீமோ அசதிதானே என்று அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.