220, 331, 230: எஃப்டிபி பேசும் மொழி

கேள்வி: பைத்தானில் ஒரே ஒரு வரி அடித்து என் மடிக்கணினியை எஃப்டிபி சர்வர் ஆக்கிவிட்டான் மகன். இன்னொரு கணினியிலிருந்து இணைந்தபோது 220, 331, 230 என்று திரையில் எண்கள் ஓடின. அவை என்ன? இந்த எஃப்டிபியைக் கொடுத்தது யார்?

பதில்: அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச் மாணவர். மேற்படிப்புக்கு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர், 1971 ஏப்ரல் 16 அன்று ஆர்எஃப்சி 114 என்ற ஆவணத்தில், கணினிகளுக்கிடையே கோப்புகளை மாற்றும் நெறிமுறையான எஃப்டிபியின் முதல் வடிவத்தை எழுதினார். இணையத்தின் அடித்தளத்தில் இப்படி ஓர் இந்தியரின் கை இருப்பது நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஆனால் ஒரு கணினிக்கு இன்னொன்றின் எழுத்து புரியாது. ஆங்கிலத்தின் முதல் எழுத்தான பெரிய ‘ஏ’ ஆஸ்கி முறையில் 65. ஐபிஎம் பெருங்கணினிகளின் முறையிலோ 193. கோப்பை அப்படியே அனுப்பினால் மறுமுனையில் குப்பைதான் வரும். அதனால்தான் எழுத்துக் கோப்பா, பைனரியா என்று எஃப்டிபி இன்றும் பிரித்துக் கேட்கிறது.

எண்களுக்கு வருவோம். 220 என்றால் சர்வர் தயார். 331 என்றால் பெயர் சரி, கடவுச்சொல் கொடு. 230 வந்தால் உள்ளே வந்தாயிற்று. முதல் இலக்கம்தான் முக்கியம்: 2 வெற்றி, 3 இன்னும் தகவல் வேண்டும், 4 தற்காலிகத் தடங்கல், 5 முடியாது. எண்ணை நிரல் படித்துக்கொள்ளும்; பக்கத்தில் வரும் வாக்கியம் மனிதருக்கு. எவ்வளவு தெளிவான யோசனை! வலைத்தளங்கள் காட்டும் 404ம் இதே மூன்றிலக்க வழக்கத்தில் வந்ததுதான்.

எஃப்டிபியில் கட்டளைகள் போக ஓர் இணைப்பு, கோப்பு போகத் தனியாக இன்னொன்று. கட்டளைக்குரிய போர்ட் எண் 21. உங்கள் மகனின் சர்வர் அநேகமாக 2121ல் ஓடியிருக்கும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளைத் திறக்க நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால், பைத்தானுக்கான பைஎஃப்டிபிடிலிப் தொகுப்பு 2121ஐயே இயல்பாக வைத்திருக்கிறது.

இன்னொரு செய்தி. 1982ல் எஸ்எம்டிபி என்ற தனி அஞ்சல் நெறிமுறை வரும்வரை, மின்னஞ்சலும் எஃப்டிபி கட்டளைகள் வழியாகவே போய்வந்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். இடையில் ஒட்டுக்கேட்பவர் சுலபமாகப் படித்துவிடலாம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021ல் எஃப்டிபியைக் கைவிட்டன. வீட்டு வைஃபைக்குள் படம் மாற்ற இது போதும். வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-சி அழுத்தி சர்வரை நிறுத்தச் சொல்லுங்கள். வெளியூருக்குக் கோப்பு அனுப்புவதென்றால் எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபியைப் பயன்படுத்துங்கள்.