இருட்டும் கண்ணாடி: கஞ்சிக்கோட்டு வெயிலிலும் மூணாறு குளிரிலும்

கண்ணை மூடிக்கொண்டு டாக் வைப்பது, அதாவது இரும்பை இடத்தில் நிறுத்த ஒரு புள்ளி ஒட்டுவது, வெல்டிங் பட்டறைகளில் பழகிப்போன வழக்கம். ஒரு கையில் ஹோல்டர், மறு கையால் ஆங்கிளை நேராகப் பிடித்தாக வேண்டும். கை ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் ராடை இடத்தில் வைத்து, முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு தட்டு. இமை ஒரு கணம் முன்னால் திறந்துவிட்டாலும் ஒளி உள்ளே போய்விடும். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகுதான் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் வழியும், விளக்கைப் பார்க்க முடியாது. புற ஊதாக் கதிர் பட்டுக் கருவிழியின் மேல்தோல் வெந்துபோன வலி அது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வருவதால், காலையில் வைத்த டாக்கையும் இரவு வலியையும் பலர் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

தானாக இருட்டும் ஹெல்மெட் இந்த மூன்றாவது கைச் சிக்கலைத் தீர்க்க வந்தது. 1981இல் சுவீடனின் ஹார்னெல் நிறுவனம் 'ஸ்பீட்கிளாஸ்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று கோவைக் கடைகளில் வாங்கி, வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கும், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரத்துக் கேட், ட்ரஸ் பட்டறைகளுக்கும் கொண்டுபோகிறார்கள். அதே வெல்டர் அதே ஹெல்மெட்டோடு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்கு ரிசார்ட் கூரை வேலைக்கு ஏறுவதும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் வெயில் ஒரு பக்கம், மலைக்குளிர் மறு பக்கம். இரண்டுக்கும் ஒரே செட்டிங் சரிப்படாது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். 'இருட்டுவதற்குள் ஒளி கண்ணைச் சுட்டுவிடும்' என்று பயந்து பழைய கறுப்புக் கண்ணாடியை விடாதவர்கள் இருக்கிறார்கள். தரமான ஹெல்மெட்டில் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பது கண்ணாடியின் நிரந்தர வடிகட்டி. பேட்டரி தீர்ந்து, கண்ணாடி தெளிவாக நிற்கும்போதும் அது தடுத்துக்கொண்டுதான் இருக்கும். மின்சாரத்தால் மாறுவது திரவப் படிகம் மட்டுமே. அது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் குறைக்கிறது. நல்ல ஹெல்மெட்டில் இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆனால் இவ்வளவும் ஹெல்மெட் முகத்தில் இறங்கியிருந்தால்தான். நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு 'ஒரே ஒரு டாக்' என்று தட்டினால் எந்த வடிகட்டியும் உதவாது.

அந்த வடிகட்டி உண்மையில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். கண்ணாடியின் மேலோ சட்டத்திலோ 4/9-13 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். தெளிவாக இருக்கையில் ஷேடு, அதாவது இருட்டின் அளவு, 4; இருட்டினால் 9 முதல் 13 வரை என்று பொருள். கூடவே ஈ.என் 379 அல்லது இசட் 87.1 போன்ற தர எண்ணும், தயாரிப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். ஈ.என் 379 எண்ணோடு 1/1/1/2 போல நான்கு இலக்கங்கள் வரும். கண்ணாடி வழியே பார்வை எவ்வளவு தெளிவு, ஒளி எவ்வளவு சிதறுகிறது, இருட்டு எல்லா இடத்திலும் சமமா, சாய்ந்து பார்த்தால் மாறுகிறதா என்பதற்கான மதிப்பெண்கள் இவை. 1 என்பதே சிறந்தது. பெயரும் எண்ணும் இல்லாத பெட்டியை, விலை எவ்வளவு குறைந்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உள்ளும் புறமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை உரிப்பது. இதை உரிக்காமலே மாதக்கணக்கில் மங்கலாகப் பார்த்து, 'புது ஹெல்மெட்டில் ஒன்றும் தெரியவில்லை' என்று குறைப்படுவோர் உண்டு. அடுத்து தலைப்பட்டை. உச்சிப் பட்டையைச் சரிசெய்து, பட்டை புருவத்துக்குச் சற்று மேலே உட்காரும்படி வைக்க வேண்டும். பின்பக்கத் திருகைக் குனிந்தாலும் நழுவாத அளவுக்கு, ஆனால் தலை வலிக்காத அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு கண்ணாடிக்கும் முகத்துக்கும் உள்ள தூரம். இரு பக்கமும் ஒரே தூரம் இருப்பது முக்கியம். கோணலாக இருந்தால் ஒரு கண்ணுக்கு இருட்டு அதிகமாகவும் மறு கண்ணுக்குக் குறைவாகவும் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்கள் படிக்கிற கண்ணாடியின் பவரில் ஒரு லென்ஸ் வாங்கி உள்ளே செருகிக்கொள்ளலாம்; பல ஹெல்மெட்டுகளில் அதற்கு இடம் உண்டு. கை சரியாக இருந்தும் லைன் வளைவதாக வருந்தும் மூத்த வெல்டர்களில் பலருக்கு இந்தச் சிறு லென்ஸே மருந்து.

இனி ஷேடு. ராடையும் ஆம்ப்ஸையும் வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும். 2.5 மில்லிமீட்டர் ராடில், அதாவது 12 கேஜில், ஸ்க்வேர் பைப் ஒட்டும்போது மெஷின் 60 முதல் 80 ஆம்ப்ஸில் இருக்கும். ஷேடு 10 போதும். 3.15 ராடில் 90 முதல் 130 ஆம்ப்ஸுக்கு 11. கனமான சேனலில் 4 மில்லிமீட்டர் ராடு போட்டு 170க்கு மேல் போனால் 12. சந்தேகம் வந்தால் ஒரு எண் கூடுதலாக, இருட்டான பக்கத்திலிருந்து தொடங்கி, உருகும் குளம் தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொன்றாகக் குறைத்து வரலாம். வேலை முடிந்ததும் கண்ணில் பச்சைப் புள்ளி மிதந்தால் ஷேடு போதவில்லை. குளத்தைப் பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோக நேர்ந்தால் இருட்டு அதிகம். முகம் கிட்டே போகப் போகப் புகையும் மூக்குக்குள் ஏறும். வெல்டிங் புகையையும் ஆர்க்கின் புற ஊதாக் கதிரையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2017இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

சென்சிட்டிவிட்டி திருகில்தான் கஞ்சிக்கோடும் மூணாறும் பிரிகின்றன. ஹெல்மெட்டின் நெற்றியில் இருக்கும் இரண்டு முதல் நான்கு வரையிலான சென்சார்கள் ஆர்க்கின் ஒளியைப் பார்த்து இருட்டச் சொல்கின்றன. கூரையில்லாத முற்றத்தில் சித்திரை வெயிலில் நின்றால், வெயிலையே ஆர்க் என்று எண்ணிக் கண்ணாடி இருட்டிவிடும். பக்கத்து வெல்டரின் ஒளியும் அப்படியே ஏமாற்றும். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. வேலை செய்யும் இடத்திலேயே நின்று, கண்ணாடி தானாக இருட்டும் வரை திருகைக் கூட்ட வேண்டும். பிறகு தெளிவாகும் வரை மெதுவாகக் குறைத்து அங்கே நிறுத்த வேண்டும். இடம் மாறினால், நிழல் வந்தால், மறுபடி பார்க்க வேண்டும். குறைந்த ஆம்ப்ஸில் டிக் வெல்டிங் செய்யும்போது ஒளி குறைவு என்பதால் திருகு உயரத்தில் இருக்கட்டும். ட்ரஸ் இடுக்கில் தலையை நுழைக்கும்போது பைப் ஒன்று சென்சாரை மறைத்தாலும் கண்ணாடி மினுக்கும். அப்போது திருகை விட்டுவிட்டுத் தலையின் கோணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டிலே என்பது ஆர்க் அணைந்த பிறகு கண்ணாடி தெளிய எடுக்கும் நேரம். பெரும்பாலும் 0.1 முதல் 1 நொடி வரை மாற்றலாம். வரிசையாக டாக் வைக்கக் குறைவு நல்லது. அதிக ஆம்ப்ஸில் குளம் சிவந்து ஒளிர்கையில் கூட்டி வைக்க வேண்டும். கிரைண்டிங் மோடில் கண்ணாடி இருட்டவே இருட்டாது. கிரைண்டர் முடித்து, அந்த மோடை மாற்ற மறந்து ஹோல்டரை எடுப்பதுதான் இந்த ஹெல்மெட்டில் அடிக்கடி நடக்கும் தவறு. மாற்றுவதைக் கையின் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: கிரைண்டரைக் கீழே வைத்ததும் விரல் பட்டனுக்குப் போக வேண்டும். ஸ்லாக் தட்டும்போது ஹெல்மெட்டைத் தூக்கிவிடுவதால், அடியில் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மூணாறில் சனவரிக் காலையில் வெப்பம் சுழியத்தைத் தொடும். சில ஆண்டுகளில் அதற்கும் கீழே போய்ப் புல்வெளியில் உறைபனி படியும். திரவப் படிகம் குளிரில் தடித்து மந்தமாகும். இருட்டும் வேகம் குறையும். பல ஹெல்மெட்டுகளின் வேலை வெப்ப எல்லை மைனஸ் 5 முதல் 55 டிகிரி வரை. எனவே இரவு ஜீப்பில் விடாமல் அறைக்குள் வைத்து, காலையில் ஜாக்கெட்டுக்குள் சற்றுச் சூடேற்றி எடுப்பது நல்லது. உள்ளே மூச்சு படிந்து மங்கினால் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்கலாம், தின்னர் வேண்டாம். கீழே கஞ்சிக்கோட்டில் ஆபத்து எதிர்த்திசையில். 40 டிகிரி வெயிலில் பைக் டேங்க் மேலோ, மூடிய வேன் கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்தால் 55ஐ எளிதில் தாண்டிவிடும். கண்ணாடி ஒட்டியிருக்கும் அடுக்குகளும் பேட்டரியும் கெடும். சோலார் வகை பல நாள் பெட்டிக்குள் இருட்டில் கிடந்திருந்தால், வேலைக்கு முன் அரைமணி நேரம் நிழலான வெளிச்சத்தில் வைத்தால் போதும்.

வேறு இரண்டு வேலைகளுக்கு இந்த ஹெல்மெட்டை நம்பக் கூடாது. கேஸ் கட்டிங் சுடரை இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதற்கு ஷேடு 5 வகைக் கண்ணாடி தனியாக வேண்டும். கையடக்க லேசர் வெல்டிங் மெஷினுக்கோ அந்தந்த லேசரின் அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி தேவை.

கேட் மாட்டும் வீட்டில் குழந்தைகள் ஒளியைப் பார்க்க ஓடி வருவார்கள். அவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது. தார்ப்பாயோ பழைய தகரமோ ஒரு மறைப்பாக நிறுத்திவிட்டுத்தான் முதல் ராடைத் தட்ட வேண்டும். அப்படியும் யாருக்காவது இரவில் மணல் உறுத்தல் வந்தால், தாய்ப்பாலோ உருளைக்கிழங்குச் சாறோ கண்ணில் விடக் கூடாது, கிருமி சேரும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் கருவிழி ஆறாது. இருட்டறையில் ஓய்வும், குளிர்ந்த ஈரத்துணியும், வலிமாத்திரையும் போதும். ஒன்று இரண்டு நாளில் தானே சரியாகும். பார்வை மங்கினாலோ, வலி அதற்கு மேல் நீடித்தாலோ கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தினமும் முதல் ராடுக்கு முன் ஒரு நிமிடம் போதும். வெளிக் கவர் கண்ணாடியில் ஸ்பேட்டர் புள்ளிகள் அடர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதன் விலை குறைவுதான். கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். பட்டன் இல்லாத வகையை வெளிச்சமான பக்கம் திருப்பி, முகத்தில் மாட்டாமலே இருட்டுகிறதா என்று கவனிக்கலாம். ஒரு முறை இருட்டி ஒரு முறை விட்டால், பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மினுக்கினால், அன்றைய வேலைக்கு 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி போட்ட பழைய கை ஷீல்டை எடுத்துக்கொண்டு, ஆங்கிளைப் பிடிக்க ஒரு கிளாம்பைப் போடலாம்.