ஆயாம்மா வருவதற்கு முன்னால்

பிரசவ லீவு முடிந்து ஆபீஸுக்குத் திரும்பப் போகிற பெண்கள் எங்கள் குடியிருப்பில் அடிக்கடி என் கதவைத் தட்டுகிறார்கள். சில சமயம் கணவர்களும் கூட வருகிறார்கள். “ஆன்ட்டி, குழந்தையைப் பார்த்துக்க ஆள் வைக்கணும். எவ்வளவு கொடுக்கலாம்?” 1986-ல் என் மகனுக்கு மூன்று மாதம் ஆகும்போது நானும் இதே கேள்வியோடு நின்றவள்தான். அப்போது வந்த ஆயாம்மா ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் இடுப்பில் வளர்ந்தவர்கள். அவரிடம் நான் செய்த தப்புகளிலிருந்து கற்றதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் சம்பளம் கொடுப்பது அந்த அம்மாவின் கவனத்துக்கு. பசியோ, பயமோ, அவமானமோ, கடன்காரன் நினைப்போ அவர் மனசில் புகுந்துவிட்டால் குழந்தை மேல் இருக்கிற கண் அந்த அளவுக்குக் குறையும். இதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

1. சம்பளம் பேசுவதற்கு முன் மணியைக் கூட்டுங்கள். காலை எட்டுக்கு வந்து மாலை ஆறரைக்குப் போனால் ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரம். மாதம் 26 நாளுக்கு 273 மணி. வீட்டு வேலைக்கு மணிக்குக் குறைந்தது 37 ரூபாய் என்று தமிழக அரசு 2018-ல் நிர்ணயித்தது. அந்தக் கணக்கிலேயே 10,101 ரூபாய் வருகிறது. அது அன்றைய விலைவாசிக்கு, தேர்ச்சி வேண்டாத வேலைக்கு, இதற்குக் கீழே இறங்காதே என்று போட்ட கோடு. கைக்குழந்தையைப் பார்ப்பதைத் தேர்ச்சி வேண்டாத வேலை என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு நாள் தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற அம்மா காலையில் நாலு வீடு பார்த்து நாலு சம்பளம் வாங்கலாம். உங்கள் குழந்தையைப் பார்க்கிறவர் வேறெங்கும் போக முடியாது. அந்த ஒரே சம்பளத்தில்தான் அவர் வீட்டு வாடகை, அரிசி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஓட வேண்டும். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரியுங்கள். அதில் குறைந்த தொகையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

2. எது வேலை, எது வேலை இல்லை என்பதை முதல் நாளே பேசுங்கள். குழந்தையின் துணி, பால் பாட்டில் கொதிக்க வைப்பது, கஞ்சி காய்ச்சுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது: இவை அவர் வேலை. உங்கள் மேல்வேலை அதில் சேராது. “குழந்தை தூங்கும்போது சும்மாதானே இருக்கீங்க, இந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ஞ்சு வைங்க” என்றுதான் தொடங்கும். ஆறு மாதத்தில் வீடு பெருக்குவதும் அவர் தலையில் வந்திருக்கும். குழந்தை தூங்குகிற நேரம் அவர் காலை நீட்டிக் கொள்கிற நேரம். சமையலும் வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சம்பளம், தனி நேரம். பேசியதை ஒரு நோட்டில் தமிழில் எழுதி, அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் அவருடைய மகளையோ மகனையோ வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. எனக்குக் கிடைத்தது 12 வாரப் பேறுகால விடுப்பு. 2017-ல் வந்த சட்டத் திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று ஆகியிருக்கிறது. அதில் கடைசி இரண்டு வாரத்தை ஆயாம்மாவோடு கழியுங்கள். குழந்தை அவர் வாசனைக்குப் பழகும், நீங்களும் பழகுவீர்கள். பழகிப் பார்க்கிற நாள்தானே என்று சம்பளத்தில் கழிக்காதீர்கள். வந்த முதல் நாளிலிருந்தே சம்பளம்.

4. “குழந்தையோடு விளையாட ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் வருவாள்” என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். பதினான்கு வயதுக்குக் கீழே இருப்பவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை. பதினேழு வயதுப் பெண்ணும் படிக்க வேண்டியவள்தான்.

5. ஆறரை என்றால் ஆறரை. நெரிசலில் மாட்டிக்கொண்டால் உடனே போன் செய்யுங்கள். ஒவ்வொரு அரை மணிக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்து அன்றைக்கே கொடுங்கள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நீங்கள் தாமதமாக வந்து, அவர் அந்த பஸ்ஸைத் தவறவிட்டு ஷேர் ஆட்டோவில் போனால் அந்தக் காசு யாருடையது என்று யோசியுங்கள்.

6. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வந்த மறு வருஷம் ஆயாம்மா கை தவறி ஒரு கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டார். அந்த மாதச் சம்பளத்தில் 30 ரூபாய் பிடித்தேன். பொறுப்பு வரட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி பையன் வாந்தி எடுத்தான். தலையைத் தடவினால் பின்னால் புடைத்திருக்கிறது. டாக்டர், “எப்போ விழுந்தான்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

நல்லவேளையாகப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் ஆயாம்மா வாசலிலேயே நின்று அழுதார். “ஜாடிக்கு முப்பது ரூபா பிடிச்சீங்கம்மா. பிள்ளை கட்டில்ல இருந்து விழுந்ததுக்கு என்ன பிடிப்பீங்களோன்னு பயந்துட்டேன்.” நான் மிச்சம் பிடித்த 30 ரூபாய்க்கு என் மகன் கொடுத்திருக்கக்கூடிய விலை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, “எது நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. திட்ட மாட்டேன், பிடிக்க மாட்டேன்” என்றேன். அவர் அதை நம்பச் சில மாதம் ஆனது. அதன் பிறகு நான் செருப்பைக் கழற்றும் முன்பே அன்றைய கதை முழுவதும் வந்துவிடும்: எத்தனை முறை வெளிக்குப் போனான், எங்கே இடித்துக்கொண்டான், எதைத் துப்பினான். உடைந்த பொருளுக்குச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

7. வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. மாதத்தில் இன்னும் ஒன்றிரண்டு நாள் அவர் வீட்டுக் காரியங்களுக்கு. காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு வீட்டில் இருக்கட்டும். லீவுக்குப் பிடித்தம் இருந்தால் இருமிக்கொண்டே வந்து உங்கள் குழந்தையைத் தூக்குவார். நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போனாலும் முழுச் சம்பளம்தான். அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. போனஸ் ஒரு மாதச் சம்பளம், அவர் கொண்டாடுகிற பண்டிகைக்கு முன்பே.

8. அவருக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு வைக்காதீர்கள். பால்கனியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லாதீர்கள். உங்கள் குழந்தையின் வாயில் சோறு ஊட்டுகிற கைக்கு உங்கள் டம்ளர் ஆகாது என்பது எந்த ஊர் நியாயம்? நீங்கள் சாப்பிடுவதையே, சூடாக, மேசையில் அவரும் சாப்பிடட்டும். சில குடியிருப்புகளில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிப்ட் என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து அதைக் கேளுங்கள். நான் கேட்டேன், இரண்டு கூட்டம் சண்டை நடந்தது, மூன்றாவதில் பலகையை எடுத்தார்கள்.

9. கேமரா வைப்பதாக இருந்தால் எங்கே இருக்கிறது என்று காட்டிச் சொல்லிவிடுங்கள். அவர் துணி மாற்றுகிற, ஓய்வெடுக்கிற இடத்தில் கூடாது.

10. சம்பளம் ஒன்றாம் தேதி. வருஷா வருஷம் எந்த மாதத்தில் ஏற்றுவீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்கும்படி விடாதீர்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அட்வான்ஸ் கேட்பார். முடிந்தால் கொடுங்கள். கந்து வட்டிக்கு வாங்கினால் அந்தத் தலைவலியோடுதான் உங்கள் வீட்டுக்கு வருவார். மாதம் எவ்வளவு கழிக்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கடனைக் காட்டி வேலையில் கட்டிப்போடாதீர்கள்.

11. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்து, ஆன்லைன் படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

12. குழந்தை பள்ளிக்கூடம் போகிற நாள் வரும். அதை மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள், அவர் வேறு இடம் தேட வேண்டுமே. பிரியும்போது கையில் ஒரு தொகை இருக்க வேண்டும். அதை அப்போது புரட்டலாம் என்று நினைத்தால் நடக்காது. தபால் ஆபீஸில் அவர் பெயரில் ஐந்து வருஷ ஆர்.டி. தொடங்குங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். உங்களால் முடிந்ததைச் சம்பளத்துக்கு மேல் கட்டுங்கள். பாஸ்புக் அவரிடமே இருக்கட்டும்.