நட்சத்திரங்களுக்குப் பின்னால்: கடவுச்சொல் பெட்டியை வகுப்பறையில் விளக்குதல்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியலில் பைத்தான் படிக்கும் மாணவர்கள், நிரல் ஓரளவு கைவந்ததும் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, "கடவுச்சொல் போடும் பெட்டி எப்படிச் செய்வது?" என்பது. பைத்தானை நிறுவும்போது வழக்கமாகச் சேர்ந்து வரும் டிகிண்டர் நூலகத்தில் இதற்கு ஒரே ஒரு சொல் போதும். உரைப்பெட்டிக்குரிய 'என்ட்ரி' என்னும் கூறினை உருவாக்கும்போது, 'ஷோ' என்பதற்கு நட்சத்திரக் குறியை மதிப்பாகக் கொடுத்தால், தட்டும் ஒவ்வொரு எழுத்தும் நட்சத்திரமாகத் தெரியும். இரண்டு, மூன்று குறிகளைக் கொடுத்தாலும் முதல் குறியைத்தான் டிகிண்டர் எடுத்துக்கொள்ளும்.

இதைக் காட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் இதோடு பாடத்தை முடித்துவிட்டால், நட்சத்திரமாக மாறியதால் கடவுச்சொல் பாதுகாப்பாகிவிட்டது என்ற தவறான எண்ணத்தோடு மாணவர்கள் வெளியே செல்வார்கள். நாளை அவர்கள் எழுதப்போகும் நிரலில் பிறருடைய கடவுச்சொற்கள் இருக்கும் என்பதால், இந்த எண்ணத்தை இங்கேயே களைவது நல்லது.

அதற்கு எளிய வழி, பெட்டியின் கீழ் ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் 'கெட்' செயற்கூறு தரும் மதிப்பைத் திரையில் அச்சிடச் செய்வது. அச்சிடும் முன்பு, "என்ன வரும்? நட்சத்திரமா, எழுத்தா?" என்று கேட்டுக் கைதூக்கச் சொல்லுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். பொத்தானை அழுத்தியதும் உண்மையான எழுத்துகளே வரும். மாறியது காட்சி மட்டும்தான், நினைவகத்தில் உள்ள சரம் அப்படியே இருக்கிறது. இந்தச் சோதனைக்கு மாணவர்கள் தங்கள் உண்மையான கடவுச்சொல்லைத் தட்டக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏதாவது ஒரு பூவின் பெயர் போதும்.

அடுத்து, பெட்டியில் உள்ளதைத் தெரிவுசெய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டச் சொல்லுங்கள். நட்சத்திரங்களே ஒட்டப்படும். டிகிண்டர் திரையில் தெரிவதைத்தான் நகலெடுக்க விடும். 'கெட்' உண்மையைச் சொல்கிறது, நகல் மறைக்கிறது. இந்த முரணை மாணவர்களே விளக்கட்டும். நிரலுக்கு மதிப்பு தேவை, அருகில் நிற்பவருக்குத் தேவையில்லை என்ற விடைக்கு அவர்களாகவே வந்து சேர்வார்கள்.

கணினி இல்லாத தொடக்க வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். சிலேட்டில் ஒரு சொல்லை எழுதி, எழுத்துக்கு ஒரு புளியங்கொட்டையாக மூடச் சொல்லுங்கள். எட்டிப் பார்க்கும் குழந்தைக்குச் சொல் தெரியாது. ஆனால் எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடும்! நட்சத்திரங்களும் அப்படித்தான் நீளத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. பல லினக்ஸ் கணினிகளின் முனையத்தில் கடவுச்சொல் தட்டும்போது எந்தக் குறியும் தோன்றாததற்கு இது ஒரு காரணம்.

புளியங்கொட்டையில் நமக்கென்று ஒரு வியப்பும் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லை மூட மூன்று கொட்டை போதும். அதே சொல்லை டிகிண்டர் பெட்டியில் தட்டினால் ஐந்து நட்சத்திரங்கள் வரும்! ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அது பதிவாவதே காரணம். 'மழை'க்கு மூன்று, 'பள்ளி'க்கு ஐந்து. சரத்தின் நீளத்தைக் காணும் 'லென்' செயற்கூறும் இதே எண்ணிக்கையைத்தான் தரும். தமிழ் ஆசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து நடத்தினால் இந்த ஒரு பகுதியே ஒரு பாடவேளைக்கு வரும்.

மறைப்பதே தேவைதானா என்ற கேள்வியும் உண்டு. பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2009இல், மறைப்பதால் தட்டச்சுப் பிழைகள் கூடுகின்றன, மக்கள் எளிய கடவுச்சொற்களையே நாடுகிறார்கள் என்று வாதிட்டார். தனியே அமர்ந்து தட்டுபவருக்கு அவர் சொல்வது பொருந்தும். நாற்பது பிள்ளைகள் முன்னால் திறன் பலகையில் கணினித் திரை விரிந்திருக்க, அவசரமாக ஒரு இணையதளத்தில் நுழைய வேண்டிய ஆசிரியருக்குப் பொருந்தாது. நமக்கு மறைப்பு வேண்டும். அப்போதும் விரல்கள் செல்லும் இடத்தைப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பது வேறு செய்தி.

இரு தரப்புக்கும் இடையே ஒரு வழி, 'கடவுச்சொல்லைக் காட்டு' என்ற தேர்வுப்பெட்டி. அதைத் தேர்வுசெய்தால் 'கான்ஃபிக்' வழியாக 'ஷோ' மதிப்பை வெற்றுச் சரமாக்க வேண்டும், எழுத்துகள் தெரியும். எடுத்துவிட்டால் மீண்டும் நட்சத்திரம். நான்கைந்து வரி வேலைதான். இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். நிரல் தொடங்கும்போது பெட்டி மறைந்த நிலையில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கொடுங்கள். பெறப்பட்ட கடவுச்சொல்லை அப்படியே கோப்பில் எழுதிவைக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். அவருடைய கோப்பைத் திறந்து காட்டி, அடுத்த பாடவேளையில் 'ஹேஷ்லிப்' நூலகத்தைத் தொடங்கலாம்.